பெரிதாக்கினால் தெரியுமா? ‘புளோ-அப்’, ‘பிளேடு ரன்னர்’ – ஓர் ஒப்பீடு

மங்கலான ஒளிப்படத்தைக் கணினியில் பெரிதாக்கி, அதிலுள்ள எழுத்தையோ முகத்தையோ தெளிவாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இன்று பரவலாக உள்ளது. கண்காணிப்புக் கேமராவில் பதிந்த வண்டி எண், கைப்பேசியில் அவசரமாக எடுத்த பழைய ஆவணம் என எதற்கும் ஒரு செயலி இருக்கும் என்று நினைக்கிறோம். இந்த நம்பிக்கையை வளர்த்ததில் திரைப்படங்களுக்குப் பங்கு உண்டு. ஒளிப்படத்தைப் பெரிதாக்கும் காட்சிக்காகப் பெயர்பெற்ற இரண்டு படங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒன்று மைக்கேலாஞ்சலோ அன்டோனியோனி இயக்கிய ‘புளோ-அப்’ (1966). மற்றொன்று ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேடு ரன்னர்’ (1982). எதிர்காலத்தைக் காட்டிய படத்தைவிடப் படச்சுருள் காலத்துப் படமே இன்றைய எண்ணிம ஒளிப்படத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள உதவுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

புளோ-அப்

லண்டன் பூங்கா ஒன்றில் ஓர் ஆணையும் பெண்ணையும் ஓர் ஒளிப்படக்காரன் படமெடுக்கிறான். அந்தப் பெண் படச்சுருளைக் கேட்டு வற்புறுத்தியதால் அவனுக்கு ஐயம் எழுகிறது. இருட்டறையில் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் வரிசையாக மாட்டுகிறான். பெண்ணின் பார்வை போகும் திசையைப் பிடித்துக்கொண்டு புதரைப் பெரிதாக்கினால், அங்கே துப்பாக்கி பிடித்த கை போன்ற ஒன்று தெரிகிறது. தான் குறுக்கிட்டதால் ஒரு கொலை தடுக்கப்பட்டது என்று மகிழ்ந்து, நண்பனுக்குத் தொலைபேசியில் சொல்கிறான். பிறகு மறுபடியும் பெரிதாக்குகிறான். இப்போது புல்தரையில் பிணம் போன்ற ஒரு வெளிறிய திட்டு தெரிகிறது. அப்படியானால் கொலை நடந்தே விட்டது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே படச்சுருள் ஒரே நாளில் ஒரே மனிதனுக்கு நேர்மாறான இரண்டு முடிவுகளைத் தந்திருக்கிறது. அவனும் படத்தை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை. இரவில் பூங்காவுக்குப் போய்ப் பிணத்தைக் கண்ணால் பார்க்கிறான். ஆனால் கேமராவை எடுத்துச் செல்லவில்லை. திரும்பி வந்தால் படங்கள் களவு போயிருக்கின்றன. எஞ்சியது மிக அதிகமாகப் பெரிதாக்கிய ஒரே ஒரு படம். அதைப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண், இது ஓவியரின் புள்ளி ஓவியம் போல இருக்கிறது என்கிறாள். பெரிதாக்கப் பெரிதாக்கப் பொருள் மறைந்து, படச்சுருளின் மணிகளே மிஞ்சுகின்றன. பெரிதாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய படம் அரிது.

பிளேடு ரன்னர்

இப்படத்தில் துப்பறிவாளன் டெக்கார்டு ஓர் ஒளிப்படத்தைக் கருவியில் செருகி, வாய்மொழியாகக் கட்டளையிடுகிறான். படம் கட்டம் கட்டமாக விரிகிறது. அறையிலுள்ள கண்ணாடியின் பிரதிபலிப்பு வழியாக, நேரே பார்த்தால் தெரியாத ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து அச்செடுக்கிறான். காட்சி என்ற அளவில் இது அழகானது. ஓசையும் நிதானமும் பார்ப்பவரைக் கட்டிப்போடுகின்றன.

ஆனால் இந்தக் கருவி ஒருமுறைகூடத் தவறுவதில்லை. ‘இதற்குமேல் விவரம் இல்லை’ என்று அது சொல்வதே இல்லை. இதே படத்தில் ரேச்சல் என்ற பெண் தன் குழந்தைப் பருவத்துக்குச் சான்றாக ஓர் ஒளிப்படத்தைக் காட்டுகிறாள். அந்தக் குழந்தைப் பருவமே அவளுடையது அன்று என்று தெரிகிறது. ஒளிப்படம் பொய் சொல்லும் என்று அறிந்த படம், அதைப் பெரிதாக்கும் கருவியை மட்டும் கேள்வியின்றி நம்புகிறது. இது அறிவியல் புனைகதை, விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் அந்தக் கட்டளைகளைப் பிற்காலத்துத் துப்பறியும் தொடர்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. பார்வையாளர் மனத்தில் அது புனைவாகத் தங்கவில்லை.

எதை மீட்கலாம்?

எண்ணிமப் படம் பிக்சல்களால் ஆனது. தொலைவிலுள்ள வண்டியின் எண் ஒன்று மூன்று பிக்சல் அகலம், நான்கு பிக்சல் உயரத்தில் பதிந்தால் மொத்தம் 12 பிக்சல்கள். அந்த அளவில் 3, 6, 8 மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல் திட்டாகிவிடும். படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் அந்த 12 மதிப்புகளுக்கு இடைப்பட்டவற்றைக் கணக்கிட்டு நிரப்புகிறோமே தவிர, புதிய தகவல் எதுவும் சேர்வதில்லை.

மங்கல் எப்படி உண்டானது என்று தெரிந்தால் நிலைமை வேறு. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி, விளிம்பில் 2.2 மைக்ரான் அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. புள்ளியாக விழ வேண்டிய விண்மீன் எவ்வாறு சிதறி விழுகிறது என்பதை அறிவியலாளர்கள் அறிந்திருந்தனர். ஆகவே 1993இல் கருவி சீர்செய்யப்படும்வரை, கணக்கீட்டின் வழியே பல படங்களை ஓரளவு தெளிவாக்க முடிந்தது. ஒரே காட்சியின் பல சட்டகங்களைச் சேர்த்துப் பார்ப்பதும் பயன்தரும். இவை உள்ள தகவலை வெளிக்கொணரும் வழிகள்.

இல்லாததை இட்டு நிரப்புவது இவற்றிலிருந்து வேறுபட்டது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 16×16 பிக்சல் முகத்திலிருந்து 1024×1024 பிக்சல் முகத்தை உருவாக்கும் ‘பல்ஸ்’ என்ற முறையை வெளியிட்டனர். பராக் ஒபாமாவின் சிறிய படத்தை ஒருவர் அதில் இட்டபோது ஒரு வெள்ளையரின் முகம் வந்தது. மங்கலே இல்லை. ஆள்தான் வேறு.

தெளிவின் ஆபத்து

மங்கல் படம் நம்மை எச்சரிக்கிறது. தெளிவான தவறு எச்சரிப்பதில்லை. 2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகலெடுப்புக் கருவிகள் எண்களை மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 என்றிருந்த மூன்று அறைகளின் பரப்பும் நகலில் 14.13 என்றே வந்தன. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒத்த தோற்றமுள்ள பகுதிகளுக்கு ஒரே வடிவத்தைக் கருவி பயன்படுத்தியதே காரணம். எண்கள் பளிச்சென்று இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

நீதிமன்றத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2024இல் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி நீதிமன்றத்தில் நடந்த கொலை வழக்கில், செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கிய கைப்பேசிக் காணொளியைச் சான்றாக ஏற்க நீதிபதி மறுத்தார். தடயவியல் காணொளித் துறையினர் அம்முறையை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

மதிப்பீடு

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அவ்விடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை. விடுபட்டதை விடுபட்டதாகவே காட்டினார். ஏடு பார்த்தவர்களுக்கு இருந்த அந்த ஒழுக்கம் படம் பார்ப்பவர்களுக்கும் வேண்டும். மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். தெளிவாக்கிய படத்தில் அதைக் குறிப்பிடுங்கள். ஐயமுள்ள எழுத்தை ஐயமுள்ளதாகவே எழுதுங்கள்.

‘பிளேடு ரன்னர்’ பார்த்து ரசிக்க வேண்டிய படம். ஆனால் ஒரு மங்கலான படத்தை வைத்து யாரையேனும் குற்றவாளி என்று சொல்லத் தோன்றினால், அதற்கு முன் பார்க்க வேண்டியது ‘புளோ-அப்’.