ஸ்டாப்பர் இடம் காலியில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிஃப்ட் மாறும் மாலை நேரத்தில், மைதானம் என்று பேர் வைத்துக்கொண்ட வெற்றுத் தரைகளில் கால்பந்து உருளத் தொடங்கிவிடும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஷூவை மட்டும் மாற்றிக்கொண்டு ஓடிவருகிறவர்களும் உண்டு. அணி பிரிக்கும்போது ஒரு குரல் தவறாமல் கேட்கும்: "டேய், நீ உயரமா இருக்க, பின்னாடி நில்லு." அவன்தான் ஸ்டாப்பர், தற்காப்பின் நடுவில் நிற்பவன்.

அவன் பழகுவது அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில். அங்கே பெரும்பாலும் ஆஃப்சைடு கிடையாது. தன் ஆளை விடாமல் ஒட்டுவான், காலை விட்டுப் பறிப்பான், கிடைத்ததை ஓங்கி வெளியே அடிப்பான். பக்கத்து ஆட்களோடு ஒரே கோடாக முன்னேறி எதிராளியை மாட்டிவிடும் வித்தை அந்தத் தரையில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. அதைக் கற்க அவன் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்க வேண்டும். நேரு ஸ்டேடியம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் மேல்மட்டக் கிளப்புகளில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருக்கிறது: நடுவில் வெளிநாட்டு ஸ்டாப்பர், உள்ளூர்ப் பையன் ஓரத்தில் சைடு பேக்.

சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற இறுதியாட்டத்தில் மூன்றில் இரண்டு கோல் பிரேசில் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸின் தலையிலிருந்து வந்தவை. அந்தப் பருவத்தில் அவருக்குத் துணை போர்த்துக்கீசியர் செரேனோ. மிசோரத்தின் ஜெர்ரிக்குக் கிடைத்தது இடது ஓரம். 2018-19 ஐ-லீக் வென்ற சென்னை சிட்டியிலும் நடுவில் ஸ்பானியர் எஸ்லாவா, வலது ஓரத்தில் நம் அஜித்குமார்.

இதை அநியாயம் என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. முன்னால் ஆடுகிறவன் ஐந்து வாய்ப்பை வீணாக்கலாம். ஸ்டாப்பர் ஒருமுறை சறுக்கினால் கோல். நாலு ஆட்டம் தோற்றால் வேலை போகும் என்ற நிலையில் எந்தக் கோச் பதினெட்டு வயதுப் பையனை அங்கே நிறுத்துவார்? ஓரத்தில் நின்றதால்தான் ஜெர்ரி 2016-இல் ஐ.எஸ்.எல்.லின் சிறந்த வளரும் வீரர் ஆனார். அஜித்குமார் பெங்களூரு எஃப்.சி. வரை போனார்.

சிக்கல் வேறு இடத்தில். ஸ்டாப்பர் தாமதமாகப் பழுக்கிற காய். மலப்புரத்தின் அனஸ் எடத்தொடிகா ஒரு காலத்தில் ஆட்டோ ஓட்டியவர். 2007-இல் மும்பை எஃப்.சி.யில் சேர்ந்து, இந்தியாவுக்கு முதன்முதலாக ஆடியது 2017-இல், முப்பது வயதில். பத்து வருடம் அவரை நடுவிலேயே விட்டுவைத்தார்கள். ஓரத்துக்குத் தள்ளப்படும் பையனுக்கு அந்த அவகாசம் இல்லை. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-இல் களத்தில் ஆறு வெளிநாட்டவருக்கு இடம் இருந்தது. 2017-இல் ஐந்தாகி, 2021-இல் நான்கானது. கதவு திறந்தது, நுழைய ஆள்? நந்தகுமார், சூசைராஜ், சிவசக்தி என்று அங்கே பேர்வாங்கிய தமிழர்களை எண்ணிப் பாருங்கள். முன்னும் ஓரமுமாகத்தான் வரும். திருச்சி தர்மராஜ் ராவணன் மாதிரி நடுவில் நின்றவர்கள் அபூர்வம்.

பொறுமை காட்டிய இடம் ஒன்று இருந்தது: ரயில்வே, கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி போன்ற துறை அணிகள். ஒரு பருவம் சொதப்பினாலும் சம்பளம் நிற்காது. ஆபீஸ் முடித்துப் பயிற்சி, கொஞ்ச மாதமே லீக் என்பதால் ஆட்டம் கூர்மையாகாது என்பதும் உண்மை. ஆனாலும் 2025 ஆகஸ்டில் பெங்களூருவும் சென்னையின் எஃப்.சி.யும் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியபோது, "முதல்ல ஒரு வேலைய பாரு" என்ற அப்பாக்களின் பேச்சுக்கு வலு கூடிவிட்டது.

போன மாதம் அதே தரையில் ஓர் உயரமான பையன் செலக்‌ஷன் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அன்று முழுக்க நடுவில் நின்று தலையால் முட்டி முட்டி நெற்றி சிவந்திருந்தது. எந்த இடம் என்று எழுதினாய் என்றேன்.

"சைடு பேக்குண்ணா. ஸ்டாப்பர்னு போட்டா எடுக்க மாட்டாங்க."