முதலில் பரண், பிறகு ஸ்டவ்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான வெர்மான்ட், மெய்னில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மரவீடுகளில் இன்றும் பல குடும்பங்கள் வசிக்கின்றன. வெப்பக்காப்பு வைக்காமல் கட்டிய சுவர்கள், நிலவறை விளிம்பு, ஜன்னல் சட்டம் என்று குளிர்காற்று நுழையப் பல வழிகள். நடுக்குளிரில் நடுங்கியவர்கள் கடைக்குப் போனால், இருப்பதிலேயே பெரிய விறகு ஸ்டவ்வைத்தான் கேட்கிறார்கள். விறகை நாடுவது சரி. பெரியதை நாடுவதுதான் பிழை.

விறகின் பக்கம் வலுவான நியாயங்கள் உண்டு. 1973 எண்ணெய் நெருக்கடியில் எரிபொருள் விலை ஏறியபோது, பக்கத்துக் காட்டு மரமே அந்த மக்களுக்குக் கைகொடுத்தது. 1998 ஜனவரியில் உறைபனி மழை மின்கம்பிகளை அறுத்தபோது, எண்ணெய் எரிகலன்கள் மின்சாரமின்றி நின்றுபோயின. விறகு ஸ்டவ் உள்ள வீடுகளில் கதகதப்பு இருந்தது. சூடேறிய இரும்பின் கதிர்வெப்பம் நேராக உடம்பில் படுவதால், காற்று கசியும் அறையிலும் அதன் அருகில் உட்கார முடிகிறது. திறந்த கணப்போ, அறையின் சூடான காற்றையே புகைபோக்கி வழியே வெளியேற்றிவிடும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1744இல் தன் புதுக் கணப்பைப் பற்றி வெளியிட்ட சிறுநூலிலேயே இந்த விரயத்தைப் பேசியிருக்கிறார்.

ஆனால் பெரிய ஸ்டவ்வின் முழுத் திறனும் ஆண்டில் சில இரவுகளுக்கே தேவை. அக்டோபரிலும் ஏப்ரலிலும் அறை கொதிக்காமல் இருக்கக் காற்றுத் திறப்பை மூடுகிறார்கள். விறகு எரியாமல் புகைகிறது. அந்தப் புகை புகைபோக்கியில் குளிர்ந்து கிரியோசோட் என்னும் தார்ப்படிவாகிறது. அது தீப்பற்றினால் வீட்டுக்கே ஆபத்து. மணிக்கு 2 கிராம் புகைத்துகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்பது 2020 முதல் அந்நாட்டில் புதிய ஸ்டவ்களுக்கான வரம்பு. ஆய்வகத்தில் அந்த அளவை எட்டிய ஸ்டவ்வும், ஈர விறகோடு மூச்சடைத்து எரிந்தால் தெருவெல்லாம் புகை கக்கும்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. சூடான காற்று மேலெழுந்து பரண் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது; அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தில் குளிர்காற்று நுழைகிறது. உள்ளே சூடு கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். ஸ்டவ்வைப் பெரிதாக்கினால் கசிவும் பெருகும். கூடத்தில் வியர்க்கும்போது கோடி அறையில் குளிர் நீங்காது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஸ்டவ் அருகில் இருந்துவிட்டால் எரிகலன் ஓடாது. தொலைவிலுள்ள தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கக்கூடும்.

அப்படியானால் எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிடலாமா? அதற்கும் அளவு உண்டு. இறுக அடைத்த வீட்டில் சமையலறை விசிறி ஓடினால் ஸ்டவ்வின் புகை உள்ளே திரும்பலாம். வெளிக்காற்றை நேராக ஸ்டவ்வுக்குக் கொண்டுவரும் குழாய் அப்போது தேவைப்படலாம். பரணில் பழைய மின்கம்பிகளோ, கல்நார் கலந்திருக்கக்கூடிய வெர்மிகுலைட் என்னும் காப்புப்பொருளோ இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் கைவைக்கக் கூடாது. பணமும் வேண்டும். இந்தக் குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டிய குடும்பத்திடம் முதலில் வீட்டைச் செப்பனிடு என்று சொல்வது எளிது. அவர்களுக்கு நடுத்தர அளவே பொருத்தம். வினையூக்கி உள்ள ஸ்டவ் குறைந்த தீயிலும் தூய்மையாக எரியும், ஆனால் அந்த வினையூக்கியைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டும். மாக்கல் போர்த்தியது மெதுவாகச் சூடேறி, தீ அணைந்த பின்னும் வெப்பம் தரும்.

மற்றவர்கள் முதலில் வீடு, பிறகு ஸ்டவ் என்ற வரிசையை மாற்றக் கூடாது. வாசலில் விசிறி பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கசிவை அளக்கும் சோதனையை முதலில் செய்யுங்கள். பரணையும் நிலவறை விளிம்பையும் அடையுங்கள். புகைபோக்கியின் உள்பூச்சைப் பரிசோதியுங்கள். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை விறகை உலர்த்துங்கள். ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டுகூட ஆகலாம். இவ்வளவும் முடிந்த பிறகு வாங்கும் ஸ்டவ் முதலில் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்; குறைந்த விறகில், குறைந்த புகையில், அதிக அறைகளைச் சூடாக்கும்.