கோலும் சொல்லும்: முதுமை பாடும் இரு புறப்பாட்டுகள்

புறநானூற்றின் 159, 243 ஆம் பாட்டுகள் முதுமையைப் பாடுவன. இரண்டிலும் ஊன்றுகோல் வருகின்றது. ஆயினும் இரண்டும் காட்டும் முதுமை ஒன்றன்று. முன்னதில் முதுமை பார்க்கப்படுகின்றது. பின்னதில் முதுமை பேசுகின்றது. இவ்வேறுபாட்டை ஆராய்வதும், முதியோர் இல்லங்கள் பெருகியுள்ள இக்காலத்துப் பேணுதல் நெறிக்கு அது தரும் தெளிவைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

159 ஆம் பாட்டு, பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடியது. தம் குடும்பத்து வறுமையைக் கூறப் புகும் புலவர், தாயை முதற்கண் நிறுத்துகின்றார். ஆண்டு பல கழிந்தும் உயிர் நீங்கவில்லையே என்று வெறுப்பவள்; கோலைக் காலாகக் கொண்டு சிற்றடி வைத்து நடப்பவள்; நூலை விரித்தாற் போன்ற நரைமுடியினள்; முற்றத்திற்கும் செல்லமாட்டாதவள். இஃது அன்புடைய மகனின் நோக்கே. எனினும் அத்தாயின் மூப்பு அவளால் இயலாதவை கொண்டே அளக்கப்படுகின்றது. அவள் வாயினின்று நாம் கேட்பது வெறுப்புரை ஒன்றே. பரிசில் வேண்டும் பாட்டாதலின், அவள் முன்பு எங்ஙனம் வாழ்ந்தாள் என்பதற்கு அங்கு இடமில்லை.

தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243 ஆம் பாட்டோ முதியவரின் வாய்மொழியாகவே அமைந்தது. மணற்பாவைக்குப் பூச் சூட்டியதும், மகளிரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையேறிக் கரையில் நின்றார் வியக்கக் குதித்ததும், ஆழத்து மணலை அள்ளி வந்ததும் விரிவாகப் பேசப்படுகின்றன. நடுக்கமும் இருமலிடையே வரும் சில சொற்களும் இறுதியடிகளில் சுருங்கி நிற்கின்றன.

இதனை நிலையாமை உணர்த்தும் பாட்டென்று மட்டும் கொள்வது நிரம்பாது. இதற்கு வகுக்கப்பட்ட துறை கையறுநிலை. அஃது இறந்தாரை நினைந்து எஞ்சினார் வருந்துவது. ஈண்டு இறந்தார் எவருமிலர். கழிந்தவன் இளைஞன், எஞ்சியவர் முதியவர், இருவரும் ஒருவரே. தம் இழப்புக்குத் தாமே புலம்புவார்க்கு வேண்டுவது அறிவுரையன்று, கேட்கும் செவி. பாட்டு தன்மைப் பன்மையில் முடிவதால், ஒருவர் குரலில் முதியோர் பலர் குரலும் கேட்பதாகக் கொள்ளலாம்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. இப்புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. பாட்டில் வரும் ஊன்றுகோலே அவர்க்குப் பெயராயிற்று. அவர் சொற்றொடரைப் போற்றியே மரபு அப்பெயரை இட்டது. ஆயின் முதியவர் ஒருவரை அறை எண்ணாலோ நோயாலோ குறிக்கும் இல்லத்தில், அத்தகைய போற்றுதல் இல்லை. பெயர் மறைவது மட்டுமே உண்டு.

1963 இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் உடன் ஆய்ந்தோரும் முதியோரின் தற்சார்பை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையினின்று எழுந்து இடம் பெயர்தல், கழிவை அடக்குதல், உண்ணுதல் என்னும் ஆறும் அதன் கூறுகள். எவர்க்கு எவ்வுதவி வேண்டும் எனத் துணிதற்கு இது பெரிதும் பயன்படுகின்றது. பெருஞ்சித்திரனார் தம் தாயைக் கண்ட நோக்கும் இவ்வகையதே. இயலாமையை எண்ணிக் காட்டினாலன்றி உதவி வாராது என்பது அன்றும் இன்றும் உண்மை. ஆதலின் அளவை வேண்டா என்பது நம் கருத்தன்று. மருதமரத்தினின்று குதித்த இளமை அவ்வாறு கூறுகளுள் எதிலும் அடங்காது என்பதே நம் கருத்து.

அமெரிக்க நாட்டின் ஓரிகன் மாநிலத்தில், ஐவருக்கு மிகாத முதியோரைக் குடும்பச் சூழலில் வைத்துப் பேணும் சிற்றில்லங்கள் அரசின் உரிமம் பெற்று இயங்குகின்றன. இத்தகைய இல்லத்தின் சிறப்பு அதன் சிறுமையிலேயே உள்ளது. ஐவரைப் பேணுவார், ஐவரின் கதையையும் கேட்டறிய இயலும். ஆயினும் சிறுமை வாய்ப்பைத் தருமேயன்றிச் செவியைத் தாராது. உணவும் மருந்தும் காலந்தவறாது அளித்து, இருமலிடையே வரும் சொல்லுக்குக் காத்திராத இல்லம், ஐவரே வாழினும் 159 ஆம் பாட்டின் எல்லையிலேயே நின்றுவிடும்.

கோலைக் கொடுப்பது உதவி. சொல்லைக் கேட்பது பேணுதல். முன்னதன் இன்றியமையாமையை 159 ஆம் பாட்டும், பின்னதன் இன்றியமையாமையை 243 ஆம் பாட்டும் காட்டுகின்றன. இரண்டையும் ஒருங்குவைத்துக் கற்பதே முதுமை பற்றிய சங்கச் சான்றோர் நோக்கினை முழுமையாக உணரும் நெறி என்பது துணிபு.