இறந்தவர் மறுக்கமாட்டார்

நெரவியிலிருந்து காரைக்கால் போகும் சாலையில் வாரத்துக்கு ஒரு புதுக் கண்ணீர் அஞ்சலி பேனராவது முளைத்துவிடுகிறது. இறந்தவருக்கு ஸ்டூடியோக்காரன் கோட்டு மாட்டியிருப்பான். கீழே 'வருந்தும்' என்று போட்டு, உயிரோடிருப்பவர்களின் பெயர்கள், பதவிகள், படங்கள். நின்று பார்ப்பவன் முதலில் தேடுவது இந்தக் கீழ்ப்பகுதியைத்தான். நானும் அப்படித்தான். கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. நம் இலக்கியப் பத்திரிகைகளின் அஞ்சலிக் கட்டுரைகளும், கோட்டு உட்பட, இதே அமைப்புத்தான்.

ஒரு எழுத்தாளர் செத்த மறுநாள் நமக்கு எப்படி இவ்வளவு சரளமாக எழுத வந்துவிடுகிறது? இருந்த காலத்தில் அவர் நாவலுக்கு ஒரு பக்க மதிப்புரை எழுதாதவர்கூட இருபது பக்கம் எழுதிவிடுகிறார். துக்கம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவர்ச்சி வேறிடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இறந்தவர் மறுக்கமாட்டார். இரண்டு பேர் மட்டும் இருந்த அறையில் நடந்த பேச்சுக்கு இனி ஒரே சாட்சி.

1963 ஜனவரியில் ஜீவா மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய 'காற்றில் கலந்த பேரோசை' இந்த வகையில் தமிழின் உச்சங்களில் ஒன்று. அதில் ஜீவாவின் மேடையும் பேச்சும் இருக்கின்றன, சு.ரா. கேட்டவராக, பெற்றுக்கொண்டவராக நிற்கிறார். பிற்காலத்தில் க.நா.சு., செல்லப்பா, பிரமிள், ஜி. நாகராஜன் முதலியோரைப் பற்றி வந்த 'நினைவோடை' நூல்களில் நிலை மாறிவிட்டது. சுவாரஸ்யம் கூடியிருக்கிறது, தராசும் கைக்கு வந்துவிட்டது. 2005 அக்டோபரில் சு.ரா.வே மறைந்தார். சில மாதங்களுக்குள் ஜெயமோகனின் 'நினைவின் நதியில்' வந்தது. உயிரோட்டமான நூல்தான், ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் அதில் வரும் விவாதங்களுக்குச் சு.ரா.வின் தரப்பை இனி யாரிடம் போய்க் கேட்பது?

எழுதுகிறவன் தன்னைப் பற்றியே பேசக்கூடாது என்பது என் கட்சி அல்ல. புறநானூற்றின் 235ஆம் பாட்டைப் பாருங்கள். துறை கையறுநிலை. அதியமான் செத்துக் கிடக்கிறான். ஔவை தனக்குக் கிடைத்துவந்த கள்ளைப் பற்றிப் பேசுகிறாள், கறியைப் பற்றிப் பேசுகிறாள், புலால் நாறும் தன் தலையைத் தடவிய அவன் கையின் மணத்தைப் பற்றிப் பேசுகிறாள். எல்லாம் தன்னைப் பற்றித்தான். ஆனாலும் அது கடன்பட்டவளின் குரல். அவன் மார்பில் தைத்த வேல் இரப்பவர் கையையும் புலவர் நாவையும் துளைத்துக்கொண்டு போகிறது. அழுகிறவளும் காயப்பட்டுத்தான் அழுகிறாள். நம் அஞ்சலிக்காரர்களோ கடன் கொடுத்தவர் தோரணையில் எழுதுகிறோம். 'என்னிடம் மட்டும்தான் சொன்னார்', 'அப்போதே எச்சரித்தேன்'. செத்தவர் வீட்டுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போகிற வட்டிக்காரன் கதைதான்.

சொல்கிறேனே தவிர, நான் மட்டும் யோக்கியனில்லை. போன வருஷம் நண்பர் ஒருவர் இறந்தார். நான்கு பக்கம் எழுதினேன். அச்சுக்கு அனுப்புமுன் 'நான்' என்ற சொல்லை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

அன்றைக்கு அலமாரியில் தேடியது வேறு எதையோ. கைக்கு வந்தது தாத்தாவின் மரணப் பதிவு நகல். பிரெஞ்சுக்காரர் காலம், 1938. கொம்யூன் குமாஸ்தாவின் கையெழுத்தில், இறந்தவர் பெயர், வயது, தொழில், குடியிருப்பு, தாய் தகப்பன் பெயர், மனைவி பெயர், இறந்த மணி. எதனால் செத்தார் என்று இல்லை. எப்படிப்பட்ட மனிதர் என்றும் இல்லை. அதன்பிறகு, செய்தி சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர்: அவருடைய பெயர், வயது 47, விவசாயி. வாசித்துக் காட்டப்பட்டது, தனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று அவர் சொன்னதாக எழுதி, பக்கத்தை முடித்திருக்கிறார்கள்.