ஓங்கல் பார்க்கும் கடல்: கற்பிட்டியும் காசிமேடும்

இலங்கையின் மேற்குக் கரையில் கற்பிட்டி. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும் மாதங்களில், விடிந்த கையோடு அங்கே ஃபைபர் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். ஓட்டுபவர்களில் பலர் மீனவர்கள். சுழன்று துள்ளும் ஸ்பின்னர் ஓங்கல்களை, அதாவது டால்பின்களை, பார்க்கத்தான் இந்தப் பயணம்; சில நாள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். கிழக்கே நிலாவெளிக்கு எதிரில் புறாத்தீவு. அங்கே முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேல் மிதக்கலாம்.

வடசென்னைக் காசிமேட்டிலிருந்து போகும் மீனவரும் ஓங்கலை அறிந்தவர்தான். ஆனால் அவர் பார்ப்பதை ராயபுரத்துப் பிள்ளை பார்க்க வழியில்லை. மீன்பிடிப் பதிவுள்ள படகில் கட்டணம் வாங்கி ஆளேற்ற முடியாது. அதற்கென்று தனிப் படகும் இங்கே இல்லை.

இதில் இயற்கைக்கும் பங்குண்டு. கற்பிட்டிக்கு அப்பால் பவளத்திட்டு இருக்கிறது. அதைத் தாண்டினால் கடல் ஆழமாகிவிடுகிறது. நம்முடையது மணல் தரை. கொசஸ்தலை ஆற்று வெள்ளமும் வடகிழக்குப் பருவ அலையும் தண்ணீரைக் கலக்கிவிடும். திருவொற்றியூரில் முகமூடி போட்டு மூழ்கினால் கலங்கல்தான் தெரியும். பவளம் பார்க்க விரும்பும் தமிழ்நாட்டுக்காரர் மன்னார் வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும். 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி 1986இல் தேசியப் பூங்காவானது. ஏர்வாடிப் பக்கம் வனத்துறையின் கண்ணாடித் தளப் படகில் உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்த்துவிடலாம்.

ஆனால் ஓங்கலுக்குப் பவளம் தேவையில்லை. ஓங்கலைப் பார்க்க முடியாமல் போனதற்கு, நகரத்தைக் கடலிலிருந்து பிரித்த மனிதர் செயலே பெரிய காரணம். சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர் மணலின் வடதிசை ஓட்டத்தை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் சுவரும் தூண்டில் வளைவுகளும். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தை மேடாக்கியது. 2017 ஜனவரி 28இல் அத்துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளி வாளியாக அள்ளியவர்களில் மீனவர்களும் மாணவர்களும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவி, அலையாத்தி மரங்களில் கறுப்பாக அப்பியது.

இலங்கைக் கடலும் காயப்படாததல்ல. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. ஆமைகளும் ஓங்கல்களும் செத்து ஒதுங்கின. நூறு கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லி 2025இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலுக்குள் போய்ப் பார்த்த கண்கள் ஏராளமாக இருக்கும் நாட்டில் கடல் எல்லோருடைய கவலையாகிறது என்பது என் துணிபு. எண்ணூரில் அந்தக் கவலையைப் பெரும்பாலும் மீனவர் மட்டுமே சுமக்கிறார். நகரத்துக்கு அந்தக் கடலோடு பழக்கமே இல்லை.

அதற்காக இலங்கை செய்ததை அப்படியே செய்யச் சொல்லவில்லை. தெற்கே மிரிஸ்ஸவில் ஒரு திமிங்கலத்தைப் பல படகுகள் சூழ்ந்துகொள்வது பெரும் புகாராயிற்று. எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும், என்ன வேகத்தில் போக வேண்டும் என்ற விதிகள் 2012இல்தான் வந்தன. ஸ்பின்னர் ஓங்கல் இரவில் இரை தேடி, பகலில் ஓய்வெடுக்கும் விலங்கு. மோட்டார் துரத்தினால் அதற்கு அந்த ஓய்வு போய்விடும். இந்தியாவில் ஓங்கலுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. எனவே இங்கே விதி முதலில், படகு பிறகு.

தொடக்கமாக, காசிமேட்டிலிருந்து மீனவர் கூட்டுறவின் பெயரில் சில படகுகள் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. வருமானமின்றி உட்கார்ந்திருக்கும் தொழிலாளருக்கு அப்போது இந்த வேலையைத் தரலாம். கட்டணம் குப்பத்துக்கே போகட்டும். ஓங்கல் தென்பட்டால் எஞ்சினை அணைத்து நிற்கட்டும். தென்படாவிட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான். திரும்பும் வழியில் எண்ணூர் முகத்துவாரத்தையும், அதன் சாம்பல் மேட்டையும், எண்ணெய் படிந்த அலையாத்திகளையும் படகோட்டி காட்ட வேண்டும். அவற்றை மறைக்கும் சுற்றுலா வடசென்னைக்கு வேண்டாம்.