வ. உ. சி.யின் சுயசரிதை: அகவலில் ஒரு வாக்குமூலம்

வ. உ. சிதம்பரம் பிள்ளை தம் வாழ்க்கையை உரைநடையில் எழுதாமல் ஆசிரியப்பாவில் எழுதினார். யாப்பு உண்டு, கவிதை இல்லை என அந்நூலை ஒதுக்குவோர் உளர். இக்கூற்றில் ஓரளவு உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆசிரியர்கள், இளமை விளையாட்டுகள் எனப் பெயர்கள் அடுக்கப்படும் இடங்களில் பாட்டுத் தளர்ந்து பட்டியலாகிவிடுகிறது. ஆயினும் அவ்விடங்களைக் கொண்டே நூல் முழுவதையும் அளத்தல் முறையன்று.

சிறைப் பகுதியே இந்நூலின் உயிர். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் கழிந்த நாட்களை வேறொருவர் பாடியிருப்பின் புலம்பலே மிகுந்திருக்கும். இவரோ வழக்கறிஞர். அதிகாரி சொன்னது எது, தாம் கூறிய மறுமொழி எது, இட்ட வேலை எது என்று சாட்சிக் கூண்டில் நிற்பவர்போல் வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். அடைமொழிகள் குறைவு, தம்மீது இரக்கம் கொள்ளும்படி படிப்பவரை வேண்டுவதில்லை. விருத்தத்தில் இதைப் பாடியிருந்தால் ஓசையே மேலோங்கிச் செய்தியை விழுங்கியிருக்கும். அகவலைத் தேர்ந்ததில் அவருடைய புலமை தெரிகிறது.

1961-இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படம் செக்கிழுக்கும் காட்சியால் நம்மை அழவைத்தது. படத்தின்மேல் குறையில்லை. ஆனால் மேடைதோறும் 'செக்கிழுத்த செம்மல்' என்று முழங்கி, செக்கு ஒன்றையே அவர் வாழ்வாக்கிவிட்டோம் (நம் சங்கங்களின் மேடைகளும் இதற்கு விலக்கல்ல). சிறையிலேயே தொல்காப்பியம் பயின்றவர், ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கியவர், 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தவர் என்னும் வ. உ. சி.யை எத்தனை பேர் அறிவோம்?

சுயசரிதையைப் படிப்போர் காந்தியடிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களையும் உடன்வைத்துப் படித்தல் நன்று. 1906-இல் 10 லட்சம் ரூபாய் மூலதனத் திட்டத்தோடு சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர், 1912 டிசம்பரில் விடுதலையான பின் வறுமையுற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய 347 ரூபாய் 12 அணா, 1916-இல்தான் காந்தியடிகள் வழியாக அவர் கைக்கு வந்தது. அத்தொகைக்காக எழுதிய கடிதங்களில் வறுமையை அவர் மறைக்கவுமில்லை; கெஞ்சவுமில்லை. சிறையைப் பாடிய அதே குரலை அங்கும் கேட்கிறோம்.

நேர்மை கண்டவிடத்து நன்றி கூறவும் அவர் தயங்கியதில்லை. பறிபோன வழக்கறிஞர் உரிமத்தை மீட்டுத் தந்தவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறைசென்ற அவர், தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார்.