படத்தில் இருப்பவர் கையில் அந்தப் படம் இருக்கிறதா?

இணையத்தில் 'பழவேற்காடு' என்று போட்டு படங்களைத் தேடிப் பாருங்கள். பூநாரைகள் வரும். டச்சுக்காரர்களின் கல்லறைகள் வரும். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு படகு வரும், அதில் முகம் தெரியாத ஒருவர் கழி ஊன்றிக்கொண்டு நிற்பார். 'எண்ணூர்' என்று தேடினால் புகைபோக்கி, சாம்பல், எண்ணெய் படிந்த கைகள். 'கும்மிடிப்பூண்டி சிப்காட்' என்று தேடினால் ஆலைக் கட்டடங்கள், கூடவே மனை விற்பனை விளம்பரங்கள்.

மூணு தேடல்லயும் கிடைக்காதது ஒண்ணு உண்டு. பெயரோடு ஒரு ஆள். பாலத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கிற அக்கா, வலை பழுது பார்க்கிறவர், ஐஸ் உடைத்துக் கொடுப்பவர், பனையோலையில் கூடை முடைகிற பெண்கள், சிப்காட் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். திருவள்ளூர் மாவட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரம் ஓடுவதே இவர்களால்தான். ஆனால் படங்களில் இவர்கள் நிழலாகவோ, பாதிக்கப்பட்டவராகவோ, பின்னணியாகவோதான் வருகிறார்கள்.

இந்தப் பகுதியைப் பற்றிய படங்களை ரொம்ப நாளாகச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். அவற்றை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் பறவைப் படங்கள். இவற்றின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரையைப் படம் எடுக்காமல் யாரும் திரும்ப முடியாது. கல்லறைகளும் அப்படித்தான். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்தை டச்சுக்காரர்கள் இங்கிருந்துதான் நடத்தினார்கள். சிக்கல் வேறு இடத்தில். நீள லென்ஸ் பறவையை அருகில் கொண்டுவரும்போது மீனவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. தப்பித்தவறி உள்ளே வந்தாலும், சூரியனுக்கு எதிரே கறுப்பு உருவமாகத்தான் வருகிறார்.

கறுப்பு உருவத்தில் தெரியாத விஷயங்கள் நிறைய. இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்து, சீட்டுப் போட்டு முடிவு செய்யும் ஏற்பாடு. உரிமை தலைக்கட்டுக் கணக்கில் வரும். இதைப் பற்றி நல்ல ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களின் ஒரு நல்ல படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏரியில் மீன் பிடிப்பவர் தனியாக இயற்கையோடு இருக்கிறார் என்று படகுப் படம் சொல்கிறது. உண்மையில் அவர் அன்றைக்கு அந்த இடத்தில் இருப்பதே ஒரு ஊர் எடுத்த முடிவு. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் சொல்லவேண்டியதில் பாதியை விட்டுவிட்டது.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. எட்கர் தர்ஸ்டன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். கே. ரங்காச்சாரியுடன் சேர்ந்து அவர் எழுதிய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்தது. இன்றைய திருவள்ளூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்திருந்தது (தனி மாவட்டமானது 1997-ல்தான்). செங்கல்பட்டுப் பகுதி இருளர்களைப் பற்றியும் அந்த நூல் பேசுகிறது. அதில் இருக்கிற படங்களைப் புரட்டிப் பாருங்கள்: பெரும்பாலானவற்றின் கீழ் இருப்பது சாதியின் பெயர், ஆளின் பெயர் இல்லை. ஒருவரை ஒரு வகைக்கு மாதிரியாக நிறுத்தும் பழக்கம் அது. தர்ஸ்டனை நாம் இன்றைக்குச் சுலபமாகத் திட்டிவிடலாம். ஆனால் 'மீனவர், பழவேற்காடு' என்று தலைப்பு வைத்து நாம் போடுகிற படமும் அதே வேலையைத்தானே செய்கிறது?

அடுத்தது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கைகள். இந்தப் பகுதியில் ஊர்க் குழுக்களை அதிகமாகப் படம் எடுப்பவர்கள் இவர்கள்தான் என்று நினைக்கிறேன். தையல் மெஷின் வாங்கும் மகளிர், பள்ளிப் பை வாங்கும் பிள்ளைகள், நடுவில் சட்டை மடிப்புக் கலையாமல் ஒரு அதிகாரி. பின்னால் பேனர். இந்தப் படங்களில் பெயர் உண்டு, ஆனால் அது பேனரில் இருக்கிற நிறுவனத்தின் பெயர். பெண்கள் 'பயனாளிகள்'. கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் இருக்கும் பொருள்தான் படத்தின் மையம். ஆட்களை மாற்றிப் போட்டாலும் படம் மாறாது.

செய்திப் படங்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் வெறும் கையால் எண்ணெயை அள்ளிய படங்கள் வந்தன. அவை தேவையான படங்கள். கழிமுகம் பக்கம் திரும்பாத கண்களைத் திருப்பின, பசுமைத் தீர்ப்பாயத்தில் விசாரணை நடந்த நாட்களில் ஊரே அதைப் பேசியது. ஆனால் எண்ணெய் வடிந்ததும் கேமராவும் வடிந்துவிட்டது. கை கறுப்பாக இருந்தபோது மட்டும் அந்தக் கைக்கு மதிப்பு. அதே கை வலை பின்னும்போது, சீட்டுப் போடும்போது, சங்கக் கூட்டத்தில் கணக்கு எழுதும்போது யாருக்கும் அது படமாகத் தோன்றவில்லை.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிரே நியூ பிரைட்டன் என்று ஒரு கடற்கரை ஊர், பொலிவிழந்த விடுமுறைத் தலம். அங்கே மார்ட்டின் பார் எடுத்த வண்ணப் படங்கள் 1986-ல் 'தி லாஸ்ட் ரிசார்ட்' என்ற புத்தகமாக வந்தன. குப்பைக்கு நடுவில் ஐஸ்கிரீம் தின்னும் குடும்பங்கள். மேதைமையான படங்கள், உழைக்கும் மக்களை மேலிருந்து பார்க்கிறார் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்தது. அதே ஊரில் அதே வருஷங்களில் டாம் வுட் என்று இன்னொருவரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் அங்கேயே 25 வருஷம் குடியிருந்தவர். தெருப் பிள்ளைகள் அவருக்கு 'ஃபோட்டி மேன்', அதாவது போட்டோக்காரர், என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். பாரின் படங்களில் ஆட்கள் கேமராவைக் கவனிப்பதில்லை. வுட்டின் படங்களில் 'இவரா, தெரிஞ்சவர்தான்' என்கிற பார்வை இருக்கிறது. எது பெரிய கலை என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஊர்க்காரர்களுக்கு எந்தப் படத்தில் தங்களைத் தெரியும் என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்தில் அந்தப் பார்வைக்கு மிக அருகில் வருபவர் எம். பழனிக்குமார். மதுரைக்காரர், மீன் விற்று வளர்த்த அம்மாவின் பிள்ளை, பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' இணைய ஆவணக் களஞ்சியத்தின் புகைப்படக் கலைஞர். அத்திப்பட்டைச் சேர்ந்த, எழுபதைத் தாண்டிய ஒரு இருளர் பெண்ணைப் பற்றி அவர் செய்த படக் கட்டுரையைத் தேடிப் பாருங்கள். அந்த அம்மா தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார், பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார். தர்ஸ்டன் காலத்துக் கேமராவுக்கு இது ஒரு 'இருளர்' படமாகியிருக்கும். இங்கே அவருக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, எந்தத் தண்ணீரில் எத்தனை மணி நேரம், கையில் என்ன காயம், எவ்வளவு காசு என்ற கணக்கு இருக்கிறது. படத்தோடு சேர்த்துதான் படிக்கவேண்டும். தனியாக எடுத்துச் சுவரில் மாட்டினால் பாதி போய்விடும்.

அவர் செய்த இன்னொரு வேலை இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். வடசென்னை இளைஞர்களுக்குக் கேமராவைப் பழக்கி, அவர்கள் தங்கள் வீட்டையும் தெருவையும் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைத்தார். அப்போது 'யார் எடுக்கலாம்' என்ற கேள்வியே இடம் மாறிவிடுகிறது.

ஆனால் ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். பெயர் போடுவது எப்போதும் நல்லது இல்லை. சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் ஒரு பீகார்ப் பையனின் பெயரையும் முகத்தையும் வேலையிடத்தோடு சேர்த்துப் போட்டால், அடுத்த நாள் அவனுக்கு வேலை இருக்குமா? கும்மிடிப்பூண்டியில் 1990-லிருந்து இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே ஒரு படமும் பெயரும் யார் கைக்கெல்லாம் போகும் என்று யோசிக்காமல் எடுக்கலாமா? ஆகவே பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் படம் எடுப்பவர் தீர்மானிக்கக் கூடாது. படத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் படம் சில சமயம் கிடைக்காமல் போகும். போகட்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் பல வருஷமாகப் பேச்சில் இருக்கிறது. இந்த மாதிரித் திட்டங்களின் கோப்புகளில் ஊர் என்பது ஒரு எண்ணிக்கை: இத்தனை குடும்பம், இத்தனை படகு. அதற்கு எதிரே நாம் கொண்டுபோய் வைப்பது பூநாரைப் படமும் சாம்பல் படமும். பறவைக்காக ஏரியைக் காப்பாற்றலாம் என்று ஒரு பேச்சு நடக்கும், மாசுக்கு இழப்பீடு என்று இன்னொரு பேச்சு நடக்கும். ஆனால் 'இந்த வருஷம், இந்த இடத்தில், இந்தப் பெயருள்ளவர்கள், இந்தத் தொழிலை, இப்படிச் சேர்ந்து செய்தார்கள்' என்று சொல்லும் படம் எங்கே? அது இல்லாவிட்டால், போனது என்ன என்று பிற்பாடு யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட படம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டியது என் சொந்தத் தவறுதான்.

இரண்டு வருஷம் முன்னால், பழவேற்காட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கும் ஒரு அக்காவையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையும் படம் எடுத்தேன். "தம்பி, ஒரு காப்பி குடுப்பியா?" என்று கேட்டார். "கண்டிப்பா அக்கா" என்றேன். கொடுக்கவில்லை. அடுத்த தடவை போனபோது அவர் மறக்கவில்லை. "எங்கப்பா படம்?" போனில் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க குழுவுக்கு லோன் ஃபைல்ல வைக்க ஒரு போட்டோ கேட்டாங்க. ஆளுக்குக் காசு போட்டு ஸ்டூடியோவுல எடுத்தோம். நீ குடுத்திருந்தா இதையே வெச்சிருப்போம்."

ஸ்டூடியோவில் எடுத்த படத்தின் ஒரு பிரதி அவர் வீட்டில் இருந்தது. இரண்டு வரிசையில் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் நல்ல சேலையில், பின்னால் நீலத் திரை. எல்லா முகமும் சமமான வெளிச்சத்தில். புரட்டினால் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் இடமிருந்து வலமாகப் பன்னிரண்டு பெயர்கள்.

நேர்மையாகச் சொல்கிறேன், அதில் மீன் வாசனை கிடையாது. தொழில் தெரியாது, ஊர் தெரியாது. அது ஸ்டூடியோ படத்தின் குறை. ஆனால் என் படத்தில் இல்லாத எல்லாம் அதில் இருந்தது: அவர்களே முடிவு செய்து நின்ற நிற்பு, பெயர்கள், ஒரு பயன், வீட்டில் ஒரு பிரதி. இப்படிப்பட்ட படங்களின் மதிப்பு தெரிந்துதான் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 'ஸ்டார்ஸ்' என்ற திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடிச் சேகரித்திருக்கிறார்கள். அழியும் ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் அதற்கு உதவியது. 1980-க்குப் பிறகு வந்த லோன் ஃபைல் படங்களை யார் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை.

ஆக, இந்தப் பக்கத்துப் படம் எதைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் நான் கேட்பது இதுதான்: இதில் இருப்பவர் கையில் இந்தப் படம் இருக்கிறதா? இருந்தால் அவர் இதை வைத்து என்ன செய்வார்? பூநாரைப் படத்துக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும். வெளிச்சம், சட்டம், நிறம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

போன மாசம் என் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னப்பா, பின்னாடி யார் பேரையுமே எழுதல?"